நண்டு வலைக்கு வியாபாரியிடம் முன்பணம் வாங்கலாமா?

தங்கச்சிமடம்_தம்பி:
வணக்கம். இவ்வளவு நாள் அப்பாவோடு போனேன், இப்போது தனியாகத் தொழில் பார்க்கலாம் என்று பழைய பைபர் வல்லம் (சின்ன நாட்டுப்படகு) ஒன்றைப் பேசி வைத்திருக்கிறேன். நண்டு வலைக்கும் இன்ஜின் வேலைக்கும் பணம் பத்தவில்லை. ஊரில் ஒரு வியாபாரி தருகிறேன் என்கிறார். வட்டி கிடையாதாம், பிடிக்கிற நண்டையெல்லாம் அவருக்கே போட வேண்டுமாம். வாங்கலாமா? வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பாம்பன்_வடகடல்:
வட்டி இல்லை என்று யார் சொன்னது தம்பி? விலையில் எடுத்துவிடுவார். முன்பணம் வாங்காத வல்லத்துக்காரனுக்கு என்ன விலை, வாங்கியவனுக்கு என்ன விலை என்று கொஞ்ச நாள் கரையில் நின்று பார், அந்த வித்தியாசத்தை ஒரு மாதம் பிடிக்கிற நண்டின் எடையோடு பெருக்கு, அதுதான் உன் வட்டி. சின்னது, கால் போனது, சதை இல்லாதது என்று கழிப்பது தனிக்கணக்கு. அசல் அப்படியே நிற்கும், வேறு ஆளுக்கும் போட முடியாது. அதற்காக அவரை ஒரேயடியாகக் குறை சொல்லவும் மாட்டேன், வலை அறுந்து ராத்திரி போய்க் கதவைத் தட்டினால் பணம் எடுத்துத் தருவது அவர்தான், பேங்க் இல்லை. வாங்குவதானால் வலைக்கு மட்டும் வாங்கு. இன்ஜினுக்கு வேண்டாம்.

மண்டபம்_அக்கா:
கிசான் கிரெடிட் கார்டை 2018-19லேயே மீனவர்களுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். 7 சதவீதம் வட்டி, தவணை தவறாமல் கட்டினால் 4 தான் விழும். எண்ணெய், ஐஸ், கூலி மாதிரி நடப்புச் செலவுக்கு உதவும், வல்லம் வாங்க ஆகாது. நடையாய் நடக்க விடுவார்கள், சலித்துவிடாதே.

வலைக்காரன்:
பணம் இருக்கட்டும், வலையை எப்போது இறக்கப்போகிறாய்? வடகடலில், அதாவது பாக் நீரிணைப் பக்கம், விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், மீதி நாட்டுப்படகுக்கு என்பது முறை. நண்டு வலை ராத்திரியெல்லாம் தண்ணீரில் கிடக்கிற வலை, அவர்கள் நாளில் எடுக்காமல் விட்டால் அவர்கள் இழுவை மடியோடு இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள், மிதவைகூட மிஞ்சாது. கரையை ஒட்டிய கடல் நமக்கு என்று 1983 மீன்பிடிச் சட்டம் சொல்கிறது, சரி, ராத்திரியில் யார் அளந்து பார்க்கிறார்கள்? புது வலையை ஏப்ரல் 15க்கு அப்புறம் இறக்கு. ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகெல்லாம் தடையில் கட்டிக்கிடக்கும். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடித்துத் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, பொங்கினாலும் வடகடல் பெரும்பாலும் அடங்கித்தான் இருக்கும். சினை நண்டு ஏறினால் மட்டும் திரும்ப விட்டுவிடு.

தங்கச்சிமடம்_தம்பி:
நன்றி அண்ணே, அக்கா. வலைக்கு மட்டும் வாங்கலாம் என்று இருக்கிறேன். எவ்வளவு கழித்தார், பாக்கி எவ்வளவு என்று எழுதித் தரச் சொன்னால் கோபித்துக்கொள்வாரா?

பாம்பன்_வடகடல்:
கோபிப்பார். அவரிடம் எதற்குக் கேட்கிறாய், நோட்டை நீயே வை. எடை போட்டதும் எடையையும் விலையையும் அவர் கண்ணெதிரே எழுது. ஆனால் அந்த நேரத்தில் நீ வலையில் நண்டு கழற்றிக்கொண்டிருப்பாய், அதனால் எடைக்கு வீட்டு ஆள் ஒருத்தரை நிறுத்து.