இடது கம்பத்து வலையில் ஓர் ஓட்டை

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் குரல்பதிவுக்கும் அரைகுறை வாக்கியத்துக்கும் இடமில்லை. ஓய்வுபெற்ற தமிழாசிரியரான பெரியப்பா குழுவைத் தொடங்கிய அன்றே போட்ட சட்டம் அது. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி, பாம்பனில் எங்கள் ஊர்க் கால்பந்து அணி ஆடிய முதல் சனிக்கிழமை இரவு நடந்த பேச்சை, இடையில் வந்த பூப்படங்களை மட்டும் நீக்கிவிட்டுத் தருகிறேன்.

சித்தப்பா, இரவு 8.10
இன்று மாலை நம் திடலுக்கு ஆட்டம் பார்க்க வந்தவர்கள் பதினேழு பேர். அதில் நான்கு பேர் மண்டபம் ஊரிலிருந்து எதிரணியோடு வேனில் வந்தவர்கள். இரண்டு பேர் காணாமல் போன ஆட்டைத் தேடி வந்து அப்படியே நின்றவர்கள். அதே நேரத்தில் டீக்கடைத் தொலைக்காட்சிக்கு முன்னால், உட்கார இடமில்லாமல் வாசலைத் தாண்டி நின்று இங்கிலாந்து ஆட்டம் பார்த்தவர்கள் அறுபது பேராவது இருக்கும். அந்தக் கூட்டத்தில் லிவர்பூல் அணியின் சிவப்புச் சட்டை போட்டு நின்ற நம் வீட்டுப் பிள்ளை யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

தம்பி, 8.14
நான்தான் சித்தப்பா. அங்கே பகல் 12.30 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் கோடையில் நமக்கு மாலை 5 மணிக்கு வருகிறது. நீங்களும் சரியாக 5 மணிக்கே வைத்தால் நான் என்ன செய்வேன்? ஒரு மணி நேரம் முன்னதாக வைத்திருந்தால் இரண்டையும் பார்த்திருப்பேன்.

சித்தப்பா, 8.17
4 மணிக்கு அந்த மணலில் கால் வைத்துப் பார்த்துவிட்டுப் பேசு. நம் பையன்களில் பாதிப் பேர் வெறுங்காலில் ஆடுகிறார்கள். ஆறரை மணிக்கு மேல் பந்து கண்ணுக்குத் தெரியாது, திடலில் விளக்கும் கிடையாது. இருபத்தைந்து நிமிடம் வீதம் இரண்டு பாதி ஆடி முடிக்க 5 மணியை விட்டால் வேறு நேரம் இல்லை. லிவர்பூலுக்காகப் பொழுது சாய்வதைத் தள்ளி வைக்க முடியுமா?

அத்தை, 8.19
எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. நடுஇரவு 1.30 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து பார்க்கிறானே, அந்த ஊரில் இவனுக்கு யார் இருக்கிறார்கள்?

தம்பி, 8.27
யாரும் இல்லை அத்தை. ஆனால் அந்த அணியின் கதை முழுவதும் எனக்குத் தெரியும். 1892இல் ஒரு வாடகைத் தகராறில் பிறந்த அணி அது. ஆன்ஃபீல்டு மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்த எவர்டன், இடத்துக்காரரோடு சண்டை போட்டு வெளியேறிவிட்டது. காலியாகக் கிடந்த மைதானத்துக்காக அவர் உண்டாக்கிய அணிதான் லிவர்பூல். 2005இல், நான் கைக்குழந்தையாக இருந்தபோது, இஸ்தான்புல்லில் நடந்த ஐரோப்பிய இறுதிப் போட்டியின் முதல் பாதியில் மிலான் அணி மூன்று கோல் போட்டுவிட்டது. இரண்டாம் பாதியில் ஆறே நிமிடத்துக்குள் மூன்றையும் திருப்பி, பெனால்டியில் லிவர்பூல் வென்றது. மிலானின் ஷெவ்செங்கோ கோல் வாசலில் நின்று அடித்த இரண்டு அடிகளை அடுத்தடுத்துத் தடுத்த கோல்கீப்பர் டூடெக்கை, சென்ற பொங்கலுக்கு என் போனில் மூன்று முறை திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தது யார் என்று சித்தப்பாவே சொல்லட்டும்.

சித்தப்பா, 8.30
பார்த்தேன், மறுக்கவில்லை. இருபது வருடம் கம்பத்துக்கு நடுவில் நின்றவன் அதைப் பார்க்காமல் எப்படி இருப்பேன்? ஆனால் நீ போகாவிட்டாலும் அங்கே அறுபதாயிரம் பேர் உட்கார்ந்திருப்பார்கள். இங்கே நீ வந்திருந்தால் பதினெட்டு.

மச்சான் (தோஹா), 8.38
மாமா, வெளிநாட்டுக்கு வந்தவன் பக்கத்திலிருந்தும் ஒரு வார்த்தை சொல்கிறேன். நான் இங்கே வந்து சேர்ந்த முதல் வாரம், அறையில் இருந்த நான்கு பேரும் எனக்கு எந்த கிளப் என்றுதான் கேட்டார்கள். ஊரையே அப்புறம்தான் கேட்டார்கள். மலப்புறத்துக்காரர் ஒருவர், நேபாளத்துக்காரர் இருவர், எகிப்துக்காரர் ஒருவர். இவர்களுக்கும் எனக்கும் நடுவில் பொதுவாக வேறு என்ன இருக்கிறது? ஊர் அணியின் பெயரைச் சொன்னால், அது என்ன, எங்கே இருக்கிறது என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ரியல் மாட்ரிட் என்று சொன்னேன், அன்றைக்கே சண்டை பிடிக்க ஆள் கிடைத்தது. உண்மையைச் சொன்னால், அதுவரை நான் அந்த அணியின் ஒரு முழு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை.

அத்தை, 8.39
இதை நீ எனக்கு ஒருநாளும் சொன்னதில்லையே. தனியாக இருக்கிறாய் என்று நான் இங்கே தினமும் அழுதுகொண்டிருந்தேன்.

அக்கா (சென்னை), 8.52
வெளிநாட்டுக் கதைதான் கதையா? 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தபோது, இந்தியன் சூப்பர் லீக்கில் ஆடிய சென்னையின் எஃப்சி அணி தன் சொந்த மைதானத்தில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேயில் போய் ஆடியது. அதில் கொல்கத்தாவை மூன்று கோல் வித்தியாசத்தில் வென்று, கோவாவில் நடந்த இறுதிப் போட்டிக்குப் போனது. அங்கே கடைசி நிமிடங்களில் 2-1 என்று பின்தங்கிய அணி, முடியப்போகும் நேரத்தில் இரண்டு கோல் பெற்றுக் கோப்பையை எடுத்தது. 2018 மார்ச்சில் பெங்களூரு அணியை அதன் ஊரிலேயே 3-2 என்று தோற்கடித்து இன்னொரு கோப்பையும் எடுத்தது. உன் இஸ்தான்புல்லுக்கு இதில் எது குறைச்சல் தம்பி? நாங்கள் பையனைக் கூட்டிக்கொண்டு நேரு விளையாட்டரங்குக்குப் போய் ஆட்டம் பார்த்திருக்கிறோம். பாதி இருக்கை காலியாகத்தான் இருந்தது.

தம்பி, 8.58
ஒரு குறையும் இல்லை அக்கா. ஆனால் அந்தக் கோவா ஆட்டத்தன்று எனக்குப் பத்து வயது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் அதைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை. நீங்கள்கூட இன்றைக்குத்தான் சொல்கிறீர்கள். மேலும், சென்னை எனக்கு எப்படி உள்ளூர் ஆகும்? பாம்பனிலிருந்து நேர்க்கோட்டில் அளந்தால் கொச்சியும் திருவனந்தபுரமும், ஏன் கொழும்பும்கூட, சென்னையைவிடக் கிட்டே இருக்கின்றன. ஓர் ஆட்டம் பார்க்க இரவு முழுவதும் ரயிலில் போக வேண்டிய அணியும் எனக்குப் போனில்தான் கிடைக்கிறது, எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற அணியும் போனில்தான் கிடைக்கிறது. இரண்டும் ஒரே கண்ணாடிக்குள் இருக்கும்போது நன்றாக ஆடுகிறவனைப் பார்க்கிறேன்.

நான், 9.06
தம்பி சொன்னதில் மறுநாள் யாரும் பேசவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆட்டம் தொண்ணூறு நிமிடம், மீதி வாரம் முழுவதும் பேச்சு. இங்கிலாந்தில் 1888இல் பன்னிரண்டு அணிகளோடு லீக் தொடங்கிய நாளிலிருந்து யார் கோல் போட்டார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நம் அணி சென்ற வருடம் இறுதிப் போட்டியில் வென்றதே, வெற்றிக் கோல் யாருடையது என்று இந்தக் குழுவில் எத்தனை பேருக்குத் தெரியும்? அடுத்த ஆட்டம் என்றைக்கு என்பதே முதல் நாள் இரவுதான் நமக்குத் தெரிகிறது. பெரிய அணிகளும் இங்கே அப்படித்தான் நடக்கின்றன. கோயம்புத்தூரைச் சொந்த மைதானமாக வைத்திருந்த சென்னை சிட்டி அணி 2018-19 பருவத்தில் ஐ-லீக் என்னும் தேசிய லீக்கின் கோப்பையை வென்றது. சில வருடத்துக்குள் தேசிய லீக்கிலேயே அந்த அணி இல்லை. அதை நம்பி மனதைக் கொடுத்த பையன் இப்போது யாருக்குக் கைதட்டுவான்? மனதைக் கொடுக்கிறவன், கொடுத்த இடம் நாளைக்கும் இருக்குமா என்று பார்க்கிறான். அதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சித்தப்பா, 9.11
வெற்றிக் கோல் போட்டவன் நம் பக்கத்து வீட்டுக்காரரின் மூத்த மகன், இடது காலால் அடித்தான். எனக்குத் தெரியும்.

பெரியப்பா, 9.20
நானும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. 1986இல் மெக்சிகோவில் இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா போட்ட இரண்டு கோல்களைப் பற்றி நாளிதழில் படித்துவிட்டு, அவர் படத்தைக் கத்தரித்து என் பாடக்குறிப்பு ஏட்டின் உள்ளட்டையில் ஒட்டி வைத்திருந்தேன். அந்தக் கோல்களை என் கண்ணால் பார்த்தது பல வருடம் கழித்துத்தான். ஆகவே எல்லாப் பழியையும் தொலைக்காட்சியின் தலையிலும் கைப்பேசியின் தலையிலும் போட வேண்டாம். ஒரு துண்டுத் தாளே போதுமானதாக இருந்தது. ஆனால் அதே வருடத்தில் நம் திடலில் ஆட்டம் என்றால் நான் போகாமல் இருந்ததில்லை. மரடோனா என்னை மாலை 5 மணிக்கு வீட்டில் உட்கார வைக்கவில்லை.

தம்பி, 9.24
பெரியப்பா, எங்களுக்குக் கிடைப்பது எவ்வளவு என்றும் பாருங்கள். சனிக்கிழமை பகல் 3 மணி ஆட்டத்தை இங்கிலாந்தில் இருக்கிறவனே தொலைக்காட்சியில் நேரலையாகப் பார்க்க முடியாது. நாங்கள் இங்கே இரவு 7.30 மணிக்கு உட்கார்ந்து பார்க்கிறோம்.

நான், 9.29
அது ஏன் என்று யோசித்திருக்கிறாயா? சனிக்கிழமை 2.45 மணி முதல் 5.15 மணி வரை அங்கே கால்பந்து நேரலை காட்டக் கூடாது என்பது 1960களிலிருந்து இருக்கிற ஏற்பாடு. பெரிய அணியின் ஆட்டத்தைக் காட்டினால், சின்ன ஊர்களில் கீழ்நிலை லீக்குகளில் ஆடும் அணிகளின் டிக்கெட்டை யாரும் வாங்க மாட்டார்கள் என்ற பயம்தான் காரணம். பந்தைக் கண்டுபிடித்த நாடு என்று சொல்லிக்கொள்கிறவர்களுக்கே அந்தப் பயம் இருக்கிறது.

சித்தப்பா, 9.31
இதை ஏன் ஒருவரும் எனக்கு முன்பே சொல்லவில்லை? டீக்கடைக்காரரிடம் நாளைக்கே பேசுகிறேன்.

மச்சான் (தோஹா), 9.33
மாமா, அவர் மின்வெட்டுக்கே ஜெனரேட்டர் வைத்திருப்பவர்.

நான், 9.40
இன்னொன்றும் இருக்கிறது தம்பி. 2021 ஏப்ரலில் ஐரோப்பாவின் பன்னிரண்டு பெரிய அணிகள் சேர்ந்து தமக்குள் ஒரு சூப்பர் லீக் நடத்தப்போவதாக அறிவித்தன; உன் லிவர்பூலும் அதில் ஒன்று. இரண்டு நாளைக்குள் ஆறு இங்கிலாந்து அணிகளும் பின்வாங்கின. அதற்கு ஒரு பெரிய காரணம், அந்தந்த ஊர்க்காரர்கள் மைதான வாசலில் பதாகையோடு போய் நின்றது. அந்த இரண்டு நாள் நீ என்ன செய்தாய்?

தம்பி, 9.43
ஸ்டேட்டஸ் வைத்தேன். அதை நாற்பத்தொரு பேர் பார்த்தார்கள். சரி, அது குத்துகிறது. ஆனால் எங்களைக் கூப்பிடும் விதத்திலும் ஒன்று இருக்கிறது. 2018 ஜூனில் இந்தியா ஐந்து கோல் போட்டு வென்ற மும்பை ஆட்டத்துக்கு 2,569 பேர்தான் வந்தார்கள். மறுநாள் அப்போதைய இந்திய அணித் தலைவர் சுனில் சேத்ரி ஒரு காணொளி போட்டார். ஐரோப்பிய அணிகளின் ரசிகர்களைப் பார்த்து, எங்கள் ஆட்டம் அந்தத் தரத்தில் இல்லைதான், திட்டுவதற்காவது வாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் எல்லாம் விற்றுத் தீர்ந்தது. அவர் எங்களைத் துரோகி என்று சொல்லவில்லை. சித்தப்பா எடுத்தவுடனேயே ஆள் எண்ணுகிறார்.

அத்தை, 9.45
கூடப்பிறந்தவனே, அவன் சொல்வது நியாயம்தான். நீ பந்தலுக்கு அழைக்காமலே பந்தியில் ஆள் குறைகிறது என்கிறாய்.

சித்தப்பா, 9.52
சரி அக்கா, அழைக்கிறேன். அதற்கு முன் என் தலைவலியைக் கேளுங்கள். இன்று ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது நம் பையன் தலையால் முட்டிய பந்து இடது கம்பத்துக்கு வெளியே போனது, நான் என் கண்ணால் பார்த்தேன். ஆனால் அந்தப் பக்கவலையில் ஓர் ஓட்டை இருக்கிறது. விசைப்படகில் கழித்துப் போட்ட வலையை வெட்டிக் கட்டியதுதானே. பந்து அந்த ஓட்டை வழியாக உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது, நடுவர் கோல் என்று ஊதிவிட்டார். 1-0 என்று நாம் ஜெயித்தோம். மண்டபத்துக்காரர்கள் மறு ஆட்டம் கேட்கிறார்கள். நாளைக் காலை 10 மணிக்கு இரண்டு தரப்பும் உட்காருகிறோம். பொய் சொல்ல எனக்கு மனம் இல்லை, கோலை விட்டுக்கொடுக்கப் பையன்களுக்கு மனம் இல்லை.

தம்பி, 9.55
சித்தப்பா, இதே கோல் ஜெர்மனியில் நடந்திருக்கிறது! 2013 அக்டோபரில் ஹோஃபன்ஹைம் மைதானத்தில் லெவர்குசன் அணியின் கீஸ்லிங் தலையால் முட்டிய பந்து வெளியே போய், பக்கவலை ஓட்டை வழியாக உள்ளே நுழைந்தது. நடுவர் கோல் கொடுத்தார், லெவர்குசன் 2-1 என்று வென்றது. ஹோஃபன்ஹைம் மறு ஆட்டம் கேட்டது. அந்த நாட்டுக் கால்பந்துச் சங்கத்தின் நடுவர் மன்றம், கள நடுவரின் முடிவே முடிவு என்று மறுத்துவிட்டது. காணொளி என்னிடம் இருக்கிறது.

சித்தப்பா, 9.57
நிஜமாகவா? பந்து போகும் வழி தெளிவாகத் தெரிகிறதா?

தம்பி, 9.58
ஓட்டையே தெரிகிறது.

சித்தப்பா, 10.03
அப்படியானால் நாளை 10 மணிக்குப் போனோடு வந்துவிடு. பேசுவதையும் நீயே பேசு. அவர்கள் ஏற்காவிட்டால் மறு ஆட்டம் ஆடுவோம், அதிலும் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. பேச்சு முடிந்ததும் அந்த ஓட்டையைக் கட்ட வேண்டும். எனக்குக் கண் முன்போல் இல்லை, ஊசியில் நூல் கோத்துத் தர ஓர் ஆள் தேவை.

அத்தை, 10.04
நைலான் நூல் என் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது, போகிற வழியில் எடுத்துக்கொள். பச்சை நூலை எடு, நீலம் மாமாவுடையது.