புதுப்பிப்பு: லயத்து (தோட்ட வரிசை வீட்டு) வாசலில் சக்கர நாற்காலிக்குச் சாய்தளம்

இஸ்தோப்பு (முன் விறாந்தை) படி 15 சென்ரிமீற்றர் உயரம் என்றால் சாய்தளம் 180 சென்ரிமீற்றர் நீளம் வேண்டும் (1:12, அதாவது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம்) என்று முன்பு எழுதியிருந்தோம். "முன்னால கான் (வடிகால்) ஓடுதே, இடம் ஏது?" என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

நேரே இறக்காமல் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் இறக்குங்கள், பக்கத்துக் காம்பரா (வீட்டு அறை) வாசலை மறிக்காமல். கதவுக்கு முன் 150 சென்ரிமீற்றர் சதுரமாகச் சமதளம் விடுங்கள். இல்லாவிட்டால் நாற்காலி திரும்பாது.

கானை மூடும் தட்டில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். கம்பிகள் பாதைக்குக் குறுக்காக, 13 மில்லிமீற்றருக்கு மிகாத இடைவெளியில் இருக்க வேண்டும். நீளவாக்கில் போட்டால் முன்சக்கரம் இடுக்கில் சிக்கி ஆளைக் குப்புறத் தள்ளிவிடும்.

சீமெந்தை வழவழவென்று மினுக்காதீர்கள். நம்ம மழைக்குப் பாசி பிடித்து வழுக்கும். இறுகுமுன் ஈர்க்குமாறால் குறுக்கே கோடு இழுத்தால் போதும்.