குளத்துக்குப் போகும் ஓடையை ஐஎஸ்ஓ 14001 பதிவேட்டில் எப்படிக் காட்டுவது?

அண்ணாச்சிமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் ஷீட் யூனிட்டில் வேலை பார்க்கிறேன். ஏற்றுமதி பார்ட்டி கேட்டதால் முதலாளி ஐஎஸ்ஓ 14001 (சுற்றுச்சூழல் மேலாண்மைக்கான சர்வதேசத் தரநிலை) சான்றிதழ் எடுக்கச் சொல்லிவிட்டார். எழுத்து வேலை முழுக்க என் தலையில்.

ரப்பர் பால் உறைய பார்மிக் ஆசிட் ஊற்றுகிறோம். ஷீட் அடித்தபின் வரும் புளித்த தண்ணீர் தொட்டிகளில் தெளிந்து ஓடைக்குப் போகும். வெயில் காலத்தில் தொந்தரவில்லை. நம்ம குமரி மாவட்டத்தில்தான் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழையாச்சே! மேலே தோட்டத்துச் சரிவிலிருந்து செம்மண் கலங்கல் பாய்ந்து தொட்டி நிரம்பி வழிகிறது. ஓடை சேர்வது கீழே உள்ள குளத்தில். அங்கே ஆட்கள் குளிக்கிறார்கள், வாழைக்கும் அந்தத் தண்ணீர்தான்.

கழிவு இவ்வளவுதான் போகலாம் என்று இந்தத் தரநிலை எந்த அளவும் சொல்வதில்லை. அது மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் வேலை. 2015 பதிப்பின் 6.1.2 பிரிவு, அசாதாரண நிலையில் வரும் பாதிப்பையும் சேர்த்து நாமே கண்டறியச் சொல்கிறது. ஆலோசகர் தந்த படிவத்திலோ 'கழிவுநீர்: தாக்கம் குறைவு' என்று ஒரே வரி. எனக்கு மனசு ஒப்பவில்லை.

மேல்சரிவு எங்கள் நிலமில்லை. அந்த வெள்ளத்தை, நிறுவனத்தின் சூழலைப் பற்றிய 4.1 பிரிவில் வெளிச்சூழலாகக் காட்டினால் ஆடிட்டர் ஏற்பாரா? வருஷம் இரண்டு தடவை வருவதை அசாதாரணம் என்று எழுதலாமா? இஸ்ரோவின் புவன் தளத்து நில உயரத் தரவை வைத்து கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் நீர்ப்பிடிப்பு எல்லை வரைந்தவர்கள் உண்டா? 30 மீட்டர் கட்டத்துக்கு ஒரே உயரம் தரும் அந்தத் தரவு சின்ன ஓடைக்குப் போதுமா, நேரில் லெவல் பார்க்கணுமா? தொட்டிக்கு மேலே வாய்க்கால் வெட்டி மழைத்தண்ணீரைத் தனியே திருப்பியவர்கள் செலவு விவரமும் சொல்லுங்க.