பழைய பிக்கப்: ரீபோர் செலவு பண்ணலாமா, தள்ளிவிடலாமா?

நாற்றுக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கிட்ட இருக்கறது 2003 மாடல் சிங்கிள் கேப் பிக்கப். 2.5 லிட்டர் டீசல், டர்போ கிடையாது, காமன் ரெயில் கிடையாது, பழைய மெக்கானிக்கல் பம்ப். ஓடோமீட்டர் மூணு லட்சத்து நாப்பதாயிரத்துல நின்னுபோச்சு, அதுக்கப்புறம் ஓடினதுக்குக் கணக்கு இல்லை. நாற்றுப்பண்ணை வெச்சிருக்கேன். தொட்டி, மண் மூட்டை, உரம், கன்னு எல்லாம் இதுலதான் போய் வருது. மாசம் சுமார் 1,500 கி.மீ. ஓடும்.

இப்ப வரிசையா செலவு வைக்குது. காலையில ஸ்டார்ட் பண்ணினா ரொம்ப நேரம் சுத்தித்தான் பிடிக்குது. பிடிச்சதும் வெள்ளைப் புகை, கண்ணு எரியும். கொஞ்ச தூரம் ஓடினா புகை நின்னுடும். லிட்டருக்கு 12 கொடுத்துட்டிருந்தது, இப்ப 10க்கு வந்துடுச்சு. மேட்டுல நாலாவது கியர்ல மிதிச்சா சத்தம்தான் ஏறுது, வேகம் ஏறலை. பின்பக்க லீஃப் ஸ்பிரிங் தட்டையாப் போய், லோடு ஏத்தினா ரப்பர் ஸ்டாப்பர் மேலயே உக்காந்துடுது. ஒண்ணே ஒண்ணு, இன்ஜின் மட்டும் சூடே ஆகாது. எந்த வெயில்லயும் ஹீட் முள் கீழயேதான் கிடக்கும், அந்த விஷயத்துல தங்கம்.

வழக்கமா பார்க்கற மெக்கானிக் புகையைப் பார்த்துட்டு ‘ரீபோர் பண்ணியே ஆகணும்’னுட்டார், அதாவது தேஞ்ச சிலிண்டரைக் கடைஞ்சு பெரிசாக்கி அதுக்கேத்த பிஸ்டன் போடற வேலை. அவர் சொல்ற தொகை, வண்டியை இன்னிக்கு வித்தா வர்ற விலையில முக்கால்வாசி. ‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம், வித்துத் தொலைங்க’ங்கறார் மச்சான். எனக்கு வண்டி மேல பாசம் கீசம் எல்லாம் இல்லை. ஆனா புது வண்டிக் கடன்ல மாட்டிக்கவும் பயம். பழைய வண்டி வெச்சிருக்கறவங்க எந்த இடத்துல கோடு போடறீங்க? அதுதான் கேள்வி.

கணக்குநோட்டு:

மச்சான் சொன்ன பழமொழி ஜோரா இருக்கு, ஆனா கணக்கு இடிக்குது. விற்பனை விலை விக்கப்போறவருக்குத்தான் முக்கியம். ஓட்டப்போறவர் பார்க்கவேண்டியது வேற: இந்தச் செலவைப் பண்ணினா இன்னும் எவ்வளவு தூரம் ஓடும், அதே தூரத்தை வேற வண்டியில ஓட்டினா என்ன ஆகும்.

இங்க ஆளுக்கொரு நாட்டுல இருக்கோம், அதனால நான் எப்பவும் டீசல் லிட்டர்லதான் பேசுவேன். லிட்டருக்கு 12 கொடுத்தப்ப 1,500 கி.மீ.க்கு 125 லிட்டர் போட்டீங்க. இப்ப 150. மாசம் 25 லிட்டர், வருஷத்துக்கு 300 லிட்டர் கூடுதலாப் போகுது. ரீபோர் தொகையை உங்க ஊர் டீசல் விலையால வகுத்துப் பாருங்க. மைலேஜை மட்டும் நம்பி ரீபோர் பண்ணினா போட்ட காசு திரும்ப எத்தனை வருஷம் ஆகும்னு தெரிஞ்சுடும். பெரும்பாலும் அழுகைதான் வரும்.

நான் நோட்டுல மூணு பத்தி போட்டு எழுதறேன். முதல் பத்தியில எந்த வண்டியா இருந்தாலும் தின்னற செலவு: ஆயில், ஃபில்டர், டயர், பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட். ரெண்டாவதுல வயசுக்கான செலவு: ஹோஸ், புஷ், ஆயில் சீல், ஒயரிங், ரேடியேட்டர், துரு. மூணாவதுல வண்டி நின்னதால வந்த செலவு: இழுத்துட்டு வந்த கூலி, வாடகை வண்டி, போன ஆர்டர். நம்ம ஆளுங்க டயர் மாத்தின காசையும் ‘பழைய வண்டி, செலவு வைக்குது’ன்னு கிழட்டு வண்டி தலையில கட்டிடுவாங்க. புது வண்டிக்கும் டயர் தேயும் ஐயா. புது வண்டியோட வட்டியையும், வருஷா வருஷம் விலை இறங்கறதையும் ரெண்டாவது, மூணாவது பத்தியோட மட்டும்தான் ஒப்பிடணும். எனக்கு முடிவு எப்பவும் மூணாவது பத்தியிலதான் வந்திருக்கு. அது வருஷத்துக்கு வருஷம் ஏறினா வண்டியை விட்டுடுவேன், மத்த ரெண்டும் ஏறினா கவலைப்பட மாட்டேன்.

ஸ்பேனர்சாமி:

அண்ணே, கோடு போடறது அப்புறம். ‘சூடே ஆகாது, தங்கம்’னு சொன்னீங்களே, எனக்கு அங்கதான் இடிக்குது. டீசல் இன்ஜின் சூடாகணும். நிறைய வண்டிகள்ல தெர்மோஸ்டாட் 82 டிகிரி பக்கத்துலதான் திறக்கும், அதுவரைக்கும் தண்ணியை ரேடியேட்டருக்கு விடாது. அது திறந்தபடியே சிக்கிக்கிட்டாலோ, யாராவது கழட்டி எறிஞ்சிருந்தாலோ இன்ஜின் நாள் பூரா குளிர்லயே ஓடும். டீசல் சரியா எரியாது, புகையும், மைலேஜ் இறங்கும், சிலிண்டரும் சீக்கிரம் தேயும். நாளைக்குக் காலையில ஸ்டார்ட் பண்ணினதும் ரேடியேட்டருக்கு மேல போற ஹோஸ் மேல கையை வெச்சுக்கிட்டே நில்லுங்க. நல்ல தெர்மோஸ்டாட்னா ஹோஸ் ரொம்ப நேரம் ஜில்லுனு இருந்து, திடீர்னு சுடும். ஆரம்பத்துல இருந்தே கொஞ்சம் கொஞ்சமா வெதுவெதுன்னு ஏறினா விஷயம் அங்கதான். கழட்டி எடுத்தா, அடுப்புல ஒரு பாத்திரம் தண்ணி வெச்சு உள்ள போட்டுப் பாருங்க. தண்ணி கொதிக்கறதுக்குள்ள வாய் திறக்கணும், ஆறினா மூடணும். ரீபோர் செலவுக்குப் பக்கத்துல இது சில்லறைக் காசு.

அடுத்தது காலை ஸ்டார்ட்டிங். டீசலுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது, காத்தை அமுக்கற சூட்டுலயே பத்திக்கணும். உங்க காலத்து வண்டிக்கு அந்தச் சூட்டுக்குத் துணையா க்ளோ பிளக் இருக்கும். எல்லாத்தையும் சேர்த்துக் கட்டியிருக்கற இணைப்புப் பட்டையைக் கழட்டிட்டு, ஒவ்வொண்ணையும் தனித்தனியா மல்டிமீட்டர்ல பாருங்க. நல்லதுன்னா பொதுவா ஒரு ஓம் சுத்திக் காட்டும். செத்ததுன்னா ஒண்ணுமே காட்டாது. பட்டையைக் கழட்டாம பார்த்தா நாலும் நல்லா இருக்கற மாதிரியே தெரியும், நிறைய பேர் ஏமாறறது இங்கதான்.

புகை நிறத்தைப் பார்த்தே இன்ஜினுக்குத் தீர்ப்பு எழுதறதை நான் ஒத்துக்கவே மாட்டேன். சூடானதும் நிக்கற வெள்ளைப் புகை எரியாத டீசல். கண்ணு எரியறது அதனாலதான். நிக்காம வந்து, கூலண்டும் குறைஞ்சா ஹெட் கேஸ்கெட்டை (இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவுல இருக்கற அடைப்பு) சந்தேகப்படலாம். பிஸ்டன் ரிங் தேஞ்சிருந்தா லோடுல நீலப் புகை வரும், ஆயில் குறையும். நீங்க ஆயில் குறையுதுன்னு ஒரு வார்த்தை கூடச் சொல்லலையே? ஐடிலிங்ல ஆயில் மூடியைத் திருகித் திறந்து, கவுத்து அப்படியே வெச்சுப் பாருங்க. லேசா ஆவி வந்தா சரி, மூடி எகிறிக் குதிச்சா ப்ளோபை, அதாவது சிலிண்டர் வாயு ரிங்கைத் தாண்டிக் கீழ இறங்குது. ரீபோர்னு சொன்னவர் சிலிண்டருக்குள்ள அழுத்தத்தை அளக்கற கம்ப்ரஷன் கேஜ் மாட்டினாரா? உங்க இன்ஜின் மேனுவல்ல போட்டிருக்கற அளவுதான் வேதம். ஆனா பொதுவா நல்ல டீசல் 400 பி.எஸ்.ஐ. பக்கத்துல காட்டும், 300க்குக் கீழ போனா கவலைப்படலாம். நாலு சிலிண்டரும் ஒண்ணுக்கொண்ணு 10 சதவீதத்துக்குள்ள இருக்கணும். கேஜ் மாட்டாம ரீபோருக்குச் சரின்னு சொல்லாதீங்க. போர் மட்டும் அடிச்சு நிறுத்தவும் முடியாது. பிஸ்டன், ரிங், பேரிங், ஹெட் வேலை, ஆயில் பம்ப்னு வால் நீளும்.

மேட்டுல சத்தம் மட்டும் ஏறுதுன்னா கிளட்ச் வழுக்குது, அதுல சந்தேகமே இல்லை. அதைத் தள்ளிப் போடாதீங்க, ஃப்ளைவீல் வெந்துடும். இந்த வேலையில சாமானை விட கியர்பாக்ஸ் இறக்கற கூலிதான் கடிக்கும். அதனால இறக்கினது இறக்கினபடி பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், கிராங்கோட பின்பக்க ஆயில் சீல் எல்லாத்தையும் மாத்திடுங்க. சீல் ஒழுகலையேன்னு விட்டா அடுத்த வருஷம் அதே கூலியைத் திரும்பக் கொடுக்கணும், ஆயில் பட்டு புது கிளட்ச் பிளேட்டும் போயிடும்.

ஸ்பிரிங்ல ஒரு ஆபத்து இருக்கு. பின் ஆக்ஸில்ல இருந்து சேஸிஸ்ல இருக்கற பிரேக் வால்வுக்கு ஒரு கம்பி போகும், லோடு ஏறினா பின் பிரேக்கைக் கூட்டற வேலை அதோடது. ஸ்பிரிங் தட்டையானா வண்டி காலியா இருந்தாலும் லோடு இருக்குன்னு அந்த வால்வ் நினைச்சுக்கும். ஈர ரோட்டுல பின் சக்கரம் லாக் ஆகும். ஸ்பிரிங் பட்டையை அடிச்சு வளைவு ஏத்தறது கொஞ்ச நாளைக்குத்தான் நிக்கும், மெயின் பட்டையாவது புதுசு போடுங்க. யூ போல்ட்டும் புதுசு. கொஞ்சம் ஓடினதும் திரும்ப டைட் பார்க்கணும். அந்தக் கம்பியோட அளவையும் சரி பண்ணச் சொல்லுங்க, யாரும் தானா பண்ண மாட்டாங்க.

இது எல்லாத்துக்கும் முன்னாடி, காசு ஒண்ணும் இல்லாத ஒரு வேலை. நீங்க ஏத்தறது ஈர மண்ணும் உரமும். உர உப்பு தண்ணியில கரைஞ்சு சேஸிஸ்ல இறங்கினா இரும்பைத் தின்னுடும். வண்டியைக் கழுவிட்டு, ஒரு சின்னச் சுத்தியலும் திருப்புளியும் எடுத்துக்கிட்டு கீழ படுங்க. பின் ஸ்பிரிங் மாட்டற பிராக்கெட், ஆக்ஸிலுக்கு மேல சேஸிஸ் வளையற இடம், கேபின் உக்கார்ற மவுண்ட், எங்கெல்லாம் மண் தங்குமோ அங்கெல்லாம் தட்டுங்க. ‘டங்’குனு கேட்டா பொழைச்சீங்க. ‘தொப்’புனு கேட்டா திருப்புளியால குத்திப் பாருங்க. இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் கழட்டி மாட்டற சாமான். சேஸிஸ்தான் வண்டி. நான் கோடு போடறது அங்கதான்.

மேட்டுப்பாதை:

ஸ்பேனர்சாமி அண்ணன் சொன்னா மறுபேச்சு இல்லை, ஆனா எதிர்ப்பக்கமும் ஒருத்தர் சொல்லணும். நான் போன வருஷம் வித்துட்டேன். வண்டி நல்லாத்தான் ஓடிச்சு. சாமானுக்கு அலையறதுதான் தாங்கலை. ஒரு ஸ்டியரிங் லிங்க் ராடுக்காக வாரக்கணக்குல நின்னா கணக்குநோட்டு அண்ணன் சொல்ற மூணாவது பத்தி ரொம்பிடும். அதோட ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை, சீட் பெல்ட்டும் அந்தக் காலத்துது. பிள்ளைங்களை முன்னாடி உக்கார வெச்சு ஓட்டறவங்க இதையும் கணக்குல சேர்க்கணும், எந்தப் பத்தியில எழுதறதுன்னு எனக்குத் தெரியலை. விக்கறதுக்கு முன்னாடி உங்க மாடலுக்கு எந்தச் சாமான் ஈசியா கிடைக்குது, எது கிடைக்கலைன்னு ஒரு பட்டியல் போட்டுப் பாருங்க.

டயர் தேதியையும் பார்த்துடுங்க. பக்கச்சுவர்ல டிஓடி எழுத்துக்களோட கடைசியில நாலு இலக்கம் இருக்கும். 2316னு போட்டிருந்தா 2016ஆம் வருஷத்து 23ஆவது வாரம் செஞ்சது. பட்டன் நிறைய இருக்குன்னு பழைய டயர்ல லோடு ஏத்தாதீங்க.

நாற்றுக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. ஸ்பேனர்சாமி அண்ணே, தெர்மோஸ்டாட் சிக்கிக்கலை. அந்த இடத்துல தெர்மோஸ்டாட்டே இல்லை! மூடியைக் கழட்டினா வெறும் ஓட்டை. எனக்கு முன்னாடி வெச்சிருந்தவர் காலத்துலயே போயிருக்கணும். க்ளோ பிளக் ரெண்டு செத்துக் கிடந்தது. ரெண்டும் மாத்தி, தெர்மோஸ்டாட் போட்டதும் முள் நடுவுல வந்து நிக்குது, காலைப் புகை பாதிக்கு மேல குறைஞ்சிடுச்சு. மைலேஜ் இன்னும் டேங்க் நிரப்பிப் பார்க்கலை.

வேற ஒரு பட்டறையில கேஜ் மாட்டிப் பார்த்தோம்: 390, 385, 395, 350. நாலாவது சிலிண்டர்தான் கொஞ்சம் கம்மி. ஆயில் மூடி குதிக்கலை. ரீபோரை நிறுத்தியாச்சு. கிளட்ச் சாமான் நீங்க சொன்ன மாதிரியே முழு செட்டா எடுத்துட்டேன்.

ஆனா சுத்தியல் வேலைதான் வயித்தைக் கலக்குது. இடதுபக்கம் பின் ஸ்பிரிங் பிராக்கெட்டுக்கு மேல திருப்புளி உள்ள போயிடுச்சு. உள்ளங்கை அகலத்துக்குத் துரு. மத்த இடமெல்லாம் ‘டங்’குனுதான் கேக்குது. மேல ஒரு பிளேட் வெச்சு அடிச்சுத் தர்றேங்கறார் வெல்டர். சரியா?

ஸ்பேனர்சாமி:

துரு மேல பிளேட் வெச்சு மூடறது வேண்டாம். உள்ள தின்னுக்கிட்டே போகும், வெளிய தெரியாது. நல்ல இரும்பு வர்ற வரைக்கும் வெட்டி எடுக்கச் சொல்லுங்க. அதே கனத்துல புதுத் துண்டு வெச்சு அடிச்சுட்டு, அதுக்கு மேல வேணா வலுவுக்குப் பிளேட் போடலாம். அந்தப் பிளேட்டோட ரெண்டு முனையையும் செங்குத்தா வெட்டாம சரிவா வெட்டணும். நேரா மேலிருந்து கீழ ஒரே கோடா வெல்டு விழுந்தா சேஸிஸ் அந்தக் கோட்டுலயே விரிசல் விடும். வெல்டு அடிக்கறதுக்கு முன்னாடி பேட்டரி ரெண்டு முனையும், ஆல்டர்னேட்டர் கனெக்ஷனும் கழட்டிடுங்க. பக்கத்துல போற பிரேக் பைப், டீசல் பைப்பை ஒதுக்கிக் கட்டணும். முடிஞ்சதும் சேஸிஸ் உள்பக்கம் மெழுகு அடிச்சு, தண்ணி வடியற ஓட்டையை அடைக்காம விடணும். உங்க நாட்டுத் தகுதிச் சோதனையில சேஸிஸ் வெல்டிங்கை ஒத்துக்கறாங்களான்னு முதல்லயே கேட்டுக்கோங்க, சில இடத்துல சான்றிதழ் கேப்பாங்க.

லோடு ஏத்தற பெட்டியில அடியில ஒரு கனமான தார்ப்பாய் விரிங்க, உர மூட்டை இறக்கின அன்னிக்கே தண்ணி அடிச்சுக் கழுவிடுங்க.

அப்புறம் அந்த 350. டாப்பெட் கேப் (வால்வை அமுக்கற இடத்துல விடற சின்ன இடைவெளி) எப்போ பார்த்தது? எக்ஸாஸ்ட் வால்வ் டைட்டா இருந்தா முழுசா மூடாது, கம்ப்ரஷன் அப்படித்தான் இறங்கும். கேப் சரி பண்ணிட்டு நாலாவதை மட்டும் திரும்ப கேஜ் போட்டுப் பார்த்து நம்பரைச் சொல்லுங்க.