பனிச்சறுக்குக்கு உள்ள போடுற தேர்மல்: திருகோணமலையில இருந்து போறவைக்கு எது சரி?

உவர்மலைத் தங்கச்சி:
வணக்கம். ஜனவரிக் கடைசியில சுவிசில எங்கல்பேர்க்குக்குப் போறம். நான், அவர், 14 வயது மகன், 9 வயது மகள். நாலு நாள் ஸ்கீ வகுப்பு, எல்லாருக்கும் முதல்தரம். ஜக்கெற், காற்சட்டை, பூட்ஸ் எல்லாம் அங்க வாடகைக்கு எடுக்கலாம். உள்ளுக்குப் போடுறதை நாங்கள்தான் கொண்டுபோக வேணும். நுவரெலியாவுக்குப் போட்ட ஸ்வெற்றர்தான் வீட்டில கிடக்கிற ஆகப் பெரிய குளிர் உடுப்பு. கடையில "தேர்மல்" எண்டு ஒரு சோடி எடுத்தன். லேபலில 60% பருத்தி, 40% பொலியெஸ்ரர் எண்டு கிடக்கு. இது காணுமா? மெரினோ (மெல்லிய ஆட்டுக் கம்பளி) எண்டால் என்ன தடிப்பு? ஒராளுக்கு எத்தினை சோடி?

சறுக்குத்தடம்:
தங்கச்சி, அந்தச் சோடியை இரவில படுக்கேக்க போடுங்கோ, மலைக்கு வேண்டாம். பருத்தி வேர்வையைக் குடிச்சு நூலுக்குள்ளயே வைச்சிருக்கும். காற்று நிக்கவேண்டிய இடத்தில தண்ணி நிண்டால் சூடு போயிடும், ஏனெண்டால் காற்றைவிடத் தண்ணி ஏறத்தாழ 25 மடங்கு வேகமாச் சூட்டைக் கடத்தும். நனைஞ்ச பெனியனோட பஸ்ஸில யன்னல் ஓரம் இருந்தால் எங்கட ஊர் வெக்கையிலயே மயிர் கூச்செறியும். அங்க மைனஸ் 10 பாகையில மணிக்கு 30 கிலோமீற்றர் காற்று அடிச்சால் முகத்துக்கு மைனஸ் 20 மாதிரித் தெரியும்.

உள்ளுடுப்பின்ர முதல் வேலை சூடு தாறதில்லை, தோலைக் காய வைச்சிருக்கிறது. சூட்டுக்கு நடுவில ஃப்ளீஸ் (மெத்தெண்ட செயற்கைத் துணி மேலுடுப்பு) இருக்கு, காற்றுக்கும் பனிக்கும் வெளி ஜக்கெற் இருக்கு. பழகுற ஆக்கள்தான் ஆகக் கூட வேர்ப்பினம். விழுந்து எழும்புறதும், ஸ்கீயோட பக்கவாட்டில மேட்டில ஏறுறதும் லேசான வேலையில்லை. வேர்த்த கையோட, மலைக்கு ஏத்திக்கொண்டு போற லிஃப்ட்டில அசையாமல் இருக்கேக்கதான் முதுகு குளிரும்.

ரெண்டு தெரிவுதான் இருக்கு. பொலியெஸ்ரர் தன்ர நிறையில 1% ஈரத்தைக்கூடக் குடிக்காது. வேர்வையைப் பரப்பிக் கெதியாக் காயவிடும், விலையும் குறைவு. ஆனால் ரெண்டாம் நாளே மணக்கும். மெரினோ கம்பளி தன்ர நிறையில மூண்டில ஒரு பங்கு வரை ஈரத்தை நூலுக்குள்ள இழுத்து வைச்சிருந்தாலும் தோலுக்குச் சில்லிடாது, மூண்டு நாள் போட்டாலும் மணம் குறைவு. காயத்தான் நேரம் எடுக்கும். "மூங்கில்" எண்டு விக்கிறதுக்கு ஏமாறாதேங்கோ. அது பெரும்பாலும் விஸ்கோஸ், கூழில இருந்து செய்யிற நூல். பருத்தி மாதிரியே தண்ணியைப் பிடிச்சு வைக்கும்.

தடிப்பைச் சதுர மீற்றருக்கு எத்தினை கிராம் எண்டு போட்டிருப்பினம். 150 மெல்லிசு, 200 நடு, 250 தடிப்பு. வெக்கைக்குப் பழகின உடம்பு எண்டபடியால் நாலு பேருக்கும் 250 எடுங்கோ.

நிலாவெளி_22:
மேல சொன்ன எல்லாம் சரி, அந்த 250-ஐத் தவிர. அண்ணா, வகுப்பில நிக்கிற ஆளுக்கு அது கூட. வேர்த்தால் ஜக்கெற்றைத் திறக்கலாம், ஃப்ளீஸைக் கழட்டிப் பையில வைக்கலாம். தோலோட கிடக்கிறதை மலையில கழட்டேலாது. உள்ளுக்கு 200 எடுத்து, குளிர் கூடினால் நடு அடுக்கைக் கூட்டுறதுதான் புத்தி. வெளிக்கிட்டு முதல் அஞ்சு நிமிசம் கொஞ்சம் குளிருறமாதிரி இருக்க வேணும். வாசலிலயே இதமா இருந்தால் அரை மணித்தியாலத்தில நனைஞ்சிடுவியள்.

உயரத்தையும் பாருங்கோ. எங்கல்பேர்க் ஊர் ஏறத்தாழ 1,000 மீற்றர், அதுக்கு மேல இருக்கிற தித்லிஸ் மலையில கேபிள்கார் முடியிற இடம் 3,020 மீற்றர். ஆயிரம் மீற்றருக்கு ஆறரைப் பாகை குறையும் எண்டு கணக்கு வைச்சால், கீழ 0 எண்டேக்க மேல மைனஸ் 13. புதுசாப் பழகுற சரிவுகள் கீழ்ப்பகுதியிலதான் கிடக்கு. தித்லிஸ் பார்க்கப் போற அண்டைக்கு ஃப்ளீஸுக்கு மேல இன்னொண்டு போட்டால் காணும்.

பிள்ளையளுக்கு மெரினோவில காசைக் கொட்டாதேங்கோ. அடுத்த வருசம் அளவு காணாது. நல்ல பொலியெஸ்ரரில ஒராளுக்கு மேலுக்கு ரெண்டு, கீழுக்கு ரெண்டு. ஒண்டு காயேக்க மற்றது. உங்கள் ரெண்டு பேருக்கும் மெரினோ மேலுக்கு ரெண்டு, கீழுக்கு ஒண்டு போதும்.

அளவு தோலோட ஒட்டி நிக்க வேணும், இறுக்கக் கூடாது. தொளதொளவெண்டு கிடந்தால் வேர்வை துணியில ஏறாது. போட்டுப்போட்டு ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்குங்கோ, பிறகு குந்துங்கோ. இடுப்பில தோல் தெரிஞ்சால் நீளம் காணாது. விழுற நேரம் பனி அதுக்குள்ளாலதான் போகும். உட்பக்கத்தைப் புரட்டித் தோள்த் தையலை விரலால தடவிப் பாருங்கோ. தடிச்சு நிண்டால் முதுகுப்பைப் பட்டி அதில அழுத்தி உரஞ்சும்.

சறுக்குத்தடம்:
ஓம், வகுப்புக்கு 200 தான் சரி, நான் சொன்னது மாறிப்போச்சு. காலைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை, அதையும் எழுதுறன். ஸ்கீ பூட்ஸுக்குள்ள போகலாம் எண்டது ஒரே ஒரு சோடி மெல்லிய நீட்டுச் சொக்ஸ் மட்டும். தேர்மலின்ர கால் உள்ள போகக்கூடாது. பூட்ஸின்ர நாக்கு முன்னங்காலோட ஒட்டி அழுத்தும். இடையில ஒரு மடிப்பு கிடந்தால் மத்தியானத்துக்கு முதல் அந்த இடத்தில சிவப்புக் கோடு விழுந்து, நடக்கேலாமல் நோகும். அதால முக்கால் நீளம் தேடுங்கோ. முழு நீளம்தான் கிடைச்சால் தையல்காரரிட்டக் குடுத்து முழங்காலுக்கு நாலு விரற்கடை கீழ வெட்டி, தட்டையா ஓரம் அடிக்கச் சொல்லுங்கோ. சுருட்டி விடாதேங்கோ, அதுவும் மடிப்புத்தான்.

குளிருதெண்டு ரெண்டு சொக்ஸ் போடுறதும் பிழை. பூட்ஸ் இறுகி ரத்த ஓட்டம் குறையும், விரல் இன்னும் குளிரும். ஒராளுக்கு மூண்டு சோடி வைச்சு, ஒவ்வொரு காலையும் காய்ஞ்சதைப் போடுங்கோ.

உவர்மலைத் தங்கச்சி:
பெரிய உதவி, நன்றி. தேர்மலுக்குள்ள வழமையாப் போடுற பருத்தி உள்ளாடை போடலாம்தானே? லேபல் இல்லாத துணியை எப்பிடிச் சோதிக்கிறது?

நிலாவெளி_22:
அக்கா, போடக்கூடாது. எல்லாரும் பிழை விடுற இடம் இதுதான். வேர்வையை முதல்ல பிடிக்கிறது அந்தப் பருத்திதான். அது நனைஞ்சு கிடந்தால் மேல என்ன போட்டும் பயனில்லை. ப்ராவும் மற்ற உள்ளாடையும் விளையாட்டுக்குப் போடுற செயற்கை நூலில எடுங்கோ. வயர் வைச்சதைத் தவிருங்கோ.

சோதினைக்கு இப்ப எங்கட மார்கழி மழை நல்ல உதவி. அந்தத் துணியையும் ஒரு பருத்திப் பெனியனையும் ஒண்டா நனைச்சுப் பிழிஞ்சு, இரவு வீட்டுக்குள்ள ஃபானுக்குக் கீழ விரிச்சு விடுங்கோ. ரெண்டு மணித்தியாலம் கழிச்சுக் கக்கத்துப் பக்கத்தைத் தொட்டுப் பாருங்கோ. பெனியன் சொதசொதவெண்டு கிடக்கேக்க மற்றது காய்ஞ்சிருந்தால் எடுக்கலாம். ரெண்டும் ஒரே ஈரமெண்டால் விடுங்கோ. இது பொலியெஸ்ரருக்கான சோதினை. மெரினோவை இப்பிடிப் பார்க்காதேங்கோ, அது ஆறுதலாத்தான் காயும். அதைக் கழுத்தில ஒரு நிமிசம் வைச்சுப் பார்த்தால் கடிக்குதோ இல்லையோ தெரியும்.

தோய்க்கேக்க 30 பாகைக்கு மேல வேண்டாம். துணி மென்மையாக்கிற திரவம் போட்டால் நூலில படிஞ்சு வேர்வை இழுக்கிறதைக் கெடுக்கும். மெரினோவை முறுக்கிப் பிழியாமல் துவாயில சுருட்டி அமத்தி, தட்டையா விரிச்சுக் காய வையுங்கோ. தங்குற இடத்தில ஹீட்டருக்கு மேல நேரே போட்டால் சுருங்கிப்போகும். கிட்ட ஒரு கதிரையில விரிச்சு விடுங்கோ.