குப்ஸ் உப்ப மாட்டேன் என்கிறது

தோஹாவில் 7 வருடம் இருந்துவிட்டு இப்போது திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். அங்கே காலையில் வாங்கும் குப்ஸ் (வட்டமான அரபு ரொட்டி) பலூன் மாதிரி உப்பியிருக்கும், பிய்த்தால் ஆவி பறக்கும். பருப்புக் கறியில் தோய்த்துத் தின்ற ருசி இன்னும் நாக்கில் நிற்கிறது. (நம்ம பாண் கோபிக்கக் கூடாது.)

மூன்று வாரமாக வீட்டில் சுட்டுப் பார்க்கிறேன். அரைக் கிலோ கோதுமை மா, 1 தேக்கரண்டி ஈஸ்ட், 250 பாகை வரை போகும் சின்ன மின்சார ஓவன். ஈஸ்டை மாற்றினேன். குழைத்த மாவை ஒரு மணி நேரத்துக்குப் பதில் இரண்டு மணி நேரம் வைத்தேன். அப்புறம் தோசைக்கல்லிலும் போட்டேன். ஓரம் அப்பளமாகிறது, நடு எழும்புவதே இல்லை.

இந்த ஓவனிலேயே குப்ஸை உப்ப வைத்தவர்கள் யாராவது, என்ன செய்தீர்கள்?