திருடுபோன பழைய கார்கள்: சேசிஸ் எண்ணைக் கண்டுபிடிக்க உதவுங்கள்

சிங்கப்பூர் செராங்கூன் கார்டன்ஸில் தனியாக வசிக்கும் எங்கள் பெரியப்பா எதையும் வீசமாட்டார். அவருடைய தரைவீட்டுக் கொட்டகையிலிருந்து இரண்டு கார்கள் களவுபோய்விட்டன: 1958 மோரிஸ் மைனர் 1000 (சாம்பல் நிறம், இடப்பக்க மட்கார்டு நசுங்கியது), 1961 மெர்சிடிஸ் 190 எஸ்எல் (வெள்ளை, சிவப்பு இருக்கைகள்). பின்னதன் தயாரிப்பு 1963இலேயே நின்றுவிட்டதால் உதிரிப் பாகங்களுக்கே நல்ல விலை.

தீபாவளியன்று இருந்தன, பொங்கலுக்குப் போனபோது இல்லை. இரண்டுமே ஓடாதவை, இழுவை லாரி வந்திருக்க வேண்டும். வழியை மறித்த பிஸ்கட் டின்களைச் சுவரோரம் வரிசையாக அடுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். நாங்கள்கூட அப்படி அடுக்கியதில்லை!

காவல்துறையில் புகார் கொடுத்துவிட்டோம். சின் மிங், ஊபி வட்டாரக் கார்ப் பட்டறைகளில் படம் காட்டி விசாரித்தோம். அண்டை வீட்டுக் கேமராவில் பழைய பதிவுகள் அழிந்துவிட்டன. சேசிஸ் எண் (காரின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் அடையாள எண்) குறித்திருந்த பதிவுப் புத்தகங்களைக் கரையான் தின்றுவிட்டது. எண் பலகைகள் தெரியும் பழைய கல்யாணப் படம் ஒன்றுதான் மிச்சம்.

அந்தக் காலப் பதிவு எண்ணை மட்டும் வைத்துச் சிங்கப்பூரில் சேசிஸ் எண்ணைக் கண்டுபிடிக்க வழி உண்டா?